குடிக்காத குடும்பம் போர்டோவுக்குப் போகலாமா?

நரசீபுரத்தான்:

வணக்கம்ங்க. சொந்த ஊர் கோவை நரசீபுரம் பக்கம், இப்போது பாரிசில் வேலை. செப்டம்பர் கடைசியில் அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக இங்கே வருகிறார்கள். பாரிசைச் சுற்றிக் காட்டிய பிறகு ரெண்டு மூணு நாள் மிச்சம் இருக்கும். எங்கே கூட்டிப் போவது என்று யோசித்தபோது பிரான்சின் தென்மேற்கில் இருக்கிற போர்டோ நினைவுக்கு வந்தது.

காரணம் இருக்கிறது. அப்பா இருபத்தைந்து வருஷம் பன்னீர் திராட்சை போட்டவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் பந்தலைப் பிரித்துவிட்டுப் பாக்கு வைத்தார். கொடியைப் பிடுங்கின அன்றைக்கு மத்தியானம் சாப்பிட வரவில்லை. அதற்கப்புறம் வீட்டில் திராட்சைப் பேச்சே கிடையாது. ஆற்றங்கரையில் ரெண்டாயிரம் வருஷமாகத் திராட்சையை வைத்தே பிழைக்கிற ஊரைப் பார்த்தால் சந்தோஷப்படுவாரா, இல்லை பழைய வேதனை கிளறிவிடுமா என்று தெரியவில்லை.

இன்னொன்று, எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. அம்மாவிடம் போனில் சொன்னதும், "ஒயின் ஊருக்கா? உங்க பெரியம்மா கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்றார். அவர் சுத்த சைவம். முழங்கால் வலி வேறு, படி ஏறச் சிரமம். போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.


ரேஸ்கோர்ஸ் ராஜா:

குடிக்காதவன் ஒயின் ஊருக்குப் போவது மொட்டைத்தலையன் சலூனில் உட்கார்ந்த மாதிரி. பேசாமல் சுவிட்சர்லாந்து கூட்டிப் போங்க தம்பி. பனியில் நிற்க வைத்து ரெண்டு போட்டோ எடுத்தால் அம்மா ஊரில் ஒரு வருஷம் காட்டுவார்.


பழைய பந்தல்:

ராஜா சொல்வதைக் கேட்காதீங்க தம்பி. நானும் குடிக்காதவன்தான், தொண்டாமுத்தூர்ப் பக்கம், வயது அறுபத்தாறு. 2024 செப்டம்பர் கடைசியில் மகள் வீட்டுக்குப் பிரான்ஸ் போயிருந்தபோது மூன்று நாள் போர்டோவில் இருந்தேன். நானும் பந்தலைப் பிரித்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்குங்க.

போர்டோ என்றதும் எனக்கு ஒயின் நினைவே வராது. மூக்கில் சுண்ணாம்பு நெடிதான் ஏறும். உங்க அப்பாவைக் கேளுங்க, அவருக்கும் அதேதான். முதல் நாள் ராத்திரியே ஒரு கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) துணியில் முடிந்து பிளாஸ்டிக் டிரம்மில் தொங்கவிடுவோம். விடிந்து பார்த்தால் தண்ணீர் மயில் கழுத்து நிறத்தில் இருக்கும். இன்னொரு டிரம்மில் ஒரு கிலோ சுண்ணாம்பைத் தாளித்து வடிகட்டி வைத்திருப்போம். ரெண்டையும் சேர்த்தால் நூறு லிட்டர். துத்தத் தண்ணியைச் சுண்ணாம்பில் ஊற்றணும், மாற்றி ஊற்றினால் திரிந்துவிடும். குச்சியால் கலக்கிக்கொண்டே இருக்கணும். கடைசியில் அரிவாள் நுனியை முக்கி எடுத்துப் பார்ப்போம். இரும்பில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. படியவில்லை என்றால் மருந்து தயார். வேட்டியில் பட்ட நீலம் வேட்டி கிழிகிற வரைக்கும் போகாது.

அதுதான் போர்டோ கலவை. நாற்பது வருஷம் அந்தப் பேரைச் சொல்லியிருக்கிறேன். ஏதோ கம்பெனி பேர் என்றுதான் நினைத்திருந்தேன். அது ஒரு ஊர், ஆற்றங்கரையில் இருக்கிறது, ரயிலில் போகலாம் என்று மகள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த மருந்து பிறந்த கதையை உங்க அப்பாவுக்குச் சொல்லுங்க. அங்கே முதலில் வேரைத் தின்கிற ஒரு பூச்சி வந்து பிரான்ஸ் முழுக்கத் திராட்சையை அழித்தது. அதற்குத் தாங்குகிற வேர் வேண்டும் என்று அமெரிக்காவிலிருந்து செடி கொண்டுவந்தார்கள். அந்தச் செடியோடு அடிச்சாம்பல் நோயும் கப்பலேறி வந்துவிட்டது. 1878 வாக்கில் பிரான்சில் அதைக் கண்டார்கள். இலை இலையாகக் கொட்டுகிறது, கைவசம் மருந்தில்லை. 1882ல் மில்லார்டே என்கிற போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மெடோக் என்கிற திராட்சைப் பகுதிக்குப் போகும்போது, ரோட்டோர வரிசைகளில் மட்டும் இலை பச்சையாக நிற்பதைப் பார்த்தார். என்ன விஷயம் என்றால், வழியில் போகிறவர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமல் இருக்க, தோட்டக்காரர்கள் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அசிங்கமாக நீலப்பூச்சு தெளித்து வைத்திருந்தார்கள். திருட்டுக்குப் பயந்து செய்த காரியம் நோயை நிறுத்திவிட்டது! அவர் மேலே சோதனை செய்து 1885ல் வெளியிட்டார்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் அப்பாரு (தாத்தா) ஞாபகம். எங்கள் பந்தல் பள்ளிக்கூடம் போகிற வழியில் இருந்தது. ரோட்டோரம் ரெண்டு வரிசையில் பழம் கைக்கு வராது. அப்பாரு சுண்ணாம்புத் தண்ணியை இலைமேல் விசிறிவிட்டு, தகரத்தில் 'விஷ மருந்து அடித்திருக்கிறது' என்று எழுதிக் கட்டுவார். பையன்கள் தகரத்தையே கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

மில்லார்டேவுக்கு அந்த ஊர்ப் பூங்காவில் சிலை இருக்கிறது. பூங்கா பேரே பொதுப் பூங்காதான், டிராம் வாசலில் நிற்கும். மகளும் மருமகனும் பெரிய பெரிய மாளிகையெல்லாம் காட்டினார்கள், எனக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. இந்தச் சிலைக்கு முன்னால் மட்டும் கால் மணி நேரம் நின்றேன். பூ வாங்கி வைக்கலாமா என்று கேட்டதற்கு மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சரி, தோட்டத்துக்கு வருகிறேன். ஊருக்குள் இருந்தால் திராட்சை ஒரு கொடி கூடக் கண்ணில் படாது, வெளியே போகணும். நாங்கள் மெடோக் பக்கம் ஒரு தோட்டத்துக்கு முன்பதிவு செய்து போனோம். எனக்கு முதலில் ஏமாற்றம்தான். பந்தலே இல்லை. இடுப்பளவு உயரத்துக்குச் செடி, மரக்குச்சியும் கம்பியும் கட்டி, மிளகாய் நாற்று நட்ட மாதிரி வரிசை வரிசையாக நிற்கிறது. நாம் பன்னீருக்கு மூன்று மீட்டருக்கு ரெண்டு மீட்டர் விடுவோம், ஏக்கருக்கு 675 செடி வரும். அங்கே மீட்டருக்கு மீட்டர், ஏக்கருக்கு நாலாயிரம். மண் என்று பார்த்தால் முழுக்கக் கூழாங்கல். நம்மூரில் யாராவது அந்த நிலத்தை விலைக்குக் காட்டினால் தரகரைத் துரத்திவிடுவோம். அந்தக் கல்தான் தண்ணீரை நிற்கவிடாமல் வடிக்கிறது, பகல் வெயிலை வைத்திருந்து ராத்திரி செடிக்குக் கொடுக்கிறது என்றார்கள்.

சொட்டுநீர்க் குழாய் எங்கே என்று தேடினேன். இல்லை! பெரும்பாலும் தண்ணீர் பாய்ச்சவே சட்டம் விடாதாம். வருஷத்துக்கு ஒரே கவாத்து, ஒரே வெட்டு. மகசூல் கேட்டேன், ஏக்கருக்கு மூன்று டன் தேறாது. நாங்கள் பன்னீரில் பன்னிரண்டு டன் எடுத்திருக்கிறோம் என்று மகளை விட்டுச் சொல்லச் சொன்னேன். சுற்றிக் காட்டிய பையன் மரியாதைக்குத் தலையாட்டினான், நம்பின மாதிரித் தெரியவில்லை. பழம் ஒன்று கொடுத்தான். நிலக்கடலைப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிசு, தடித்த தோல், உள்ளே விதை. இனிப்பு நல்ல இனிப்புதான், ஆனால் பன்னீர் தின்ற வாய்க்கு அது பழமில்லை தம்பி. வரிசைக்கு முன்னால் ரோஜாச் செடி வைத்திருக்கிறார்கள். சாம்பல் நோய் வந்தால் ரோஜா முதலில் காட்டிக்கொடுக்கும் என்று ஒரு கதை சொன்னான். இப்போது அது போட்டோ எடுக்கிறவர்களுக்காகத்தான் என்பது என் எண்ணம்.

அங்கே ஒரு சங்கடமும் நடந்தது. பேசிக்கொண்டே போகும்போது என் கை தன்னால் போய் ஒரு பக்கக் கொழுந்தைக் கிள்ளிவிட்டது. நாற்பது வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா? பையன் பதறிப் போய்ச் சத்தம் போட்டான். சுற்றி இருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்க்க, மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் திராட்சைக்காரன் என்று அவள் விளக்கம் சொன்னாள். கடைசியில் மற்றவர்களெல்லாம் கோப்பையோடு உள்ளே போனபோது, அங்கே வேலை பார்க்கிற வயதான ஆள் ஒருவர் என்னை மட்டும் மருந்துக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். மூலையில் மூட்டை. கிழிந்த இடத்தில் நீலம். எழுதியிருந்ததை அவர் விரல் வைத்துப் படித்துக் காட்டினார், அதில் 'போர்டோ' மட்டும் எனக்குப் புரிந்தது. நான் அரிவாளை முக்கிப் பார்க்கிற மாதிரி கையால் செய்து காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை. இப்போது தயார்த் தூளாக வருகிறது, தண்ணீரில் கரைத்து அடிக்கிறார்கள், சோதிக்கிற வேலையே இல்லை. ஆனால் தன் சட்டைக் கையை மடித்து அதில் இருந்த நீலக் கறையைக் காட்டினார் பாருங்க, அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

அந்த வருஷம் அவர்களுக்கு நல்ல மழை, அடிச்சாம்பல் போட்டுத் தாளித்திருந்தது. ஆனால் இஷ்டத்துக்கு அடிக்க முடியாது. ஏழு வருஷத்தில் ஹெக்டேருக்கு 28 கிலோ செம்புக்கு மேல் மண்ணில் விழக்கூடாது என்று ஐரோப்பாவில் வரம்பு. சராசரி வருஷத்துக்கு நாலு கிலோ. ஒரு கிலோ துத்தத்தில் கால் கிலோ செம்பு இருக்கிறது, கணக்குப் போட்டுக்குங்க. நாங்கள் சீசனுக்கு எத்தனை டிரம் அடித்தோம் என்று எந்தக் காலத்தில் எழுதி வைத்தோம்?

இப்போது நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம், வேதனை கிளறுமா என்பது. கிளறும். மூன்றாம் நாள் கரோன், தோர்தோன் என்கிற ரெண்டு ஆற்றுக்கும் நடுவில் இருக்கிற பகுதி வழியாகக் காரில் வந்தோம். வழியோரம் ஒரு பெரிய வயலில் திராட்சை வேரோடு பிடுங்கி மலை மாதிரிக் குவித்துக் கிடந்தது. கொஞ்ச தூரம் போனால் இன்னொரு குவியல். மருமகன் போனில் தேடிப் படித்தார். பிரெஞ்சுக்காரர்களே சிவப்பு ஒயின் குடிப்பதைக் குறைத்துவிட்டார்கள், சீனாவுக்குப் போவதும் குறைந்துவிட்டது, சரக்கு தேங்குகிறது. அதனால் கொடியைப் பிடுங்குகிறவர்களுக்கு அப்போது ஹெக்டேருக்கு 6,000 யூரோ கொடுத்தார்கள். நான் பிடுங்கினபோது ஜேசிபிக்காரனுக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். வேரை எடுத்துப் பார்த்தேன். ஒட்டுக்கட்டின முடிச்சு தெரிந்தது, முப்பது வயதுச் செடியாவது இருக்கும். எனக்கு அழுகையெல்லாம் வரவில்லை. உலகத்துக்கே திராட்சை சொல்லிக்கொடுத்த ஊரிலேயே பிடுங்குகிறான் என்றால், என் கையில் மட்டும் குறையில்லை என்று தோன்றியது. எனக்குக் கூலியாள் கிடைக்காமல், வெட்டு நேரத்து மழையில் காய் வெடித்து, ரெண்டு வருஷம் தொடர்ந்து நட்டம். ஆனாலும் மனசுக்குள், 'அப்பாரு வைத்ததை நான் அழித்தேன்' என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. உங்க அப்பாவுக்கும் அப்படி ஏதாவது இருக்கலாம். கூட்டிப் போங்க தம்பி. மாளிகையைக் காட்டாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் குவியலைக் காட்டுங்க.


கூடுதுறைக்காரி:

அண்ணா எழுதியதை ரெண்டு தடவை படித்தேன். எனக்குச் சொந்த ஊர் பவானி, ஒன்பது வருஷமாகத் துலூசில் இருக்கிறேன். அம்மாவுக்கு வேண்டிய விஷயத்தை மட்டும் சொல்றேன்ங்க.

மோம்பர்னாஸ் நிலையத்திலிருந்து வேகமான ரயிலில் ரெண்டு மணி நாலு நிமிஷம். கிளம்புவதற்கு முதல் நாள் டிக்கெட் எடுத்தால் பர்ஸ் காலி, இப்போதே எடுத்து வையுங்க. இறங்கியதும் சி டிராம் ஏறினால் ஆற்றங்கரை, அதே வண்டியில் அண்ணா சொன்ன பூங்கா. நடுவூரில் டிராமுக்கு மேலே கம்பியே கிடையாது, தரையிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது. 2003ல் இந்த ஊரில்தான் இந்தப் புது முறையில் முதலில் ஓட்டினார்கள். அப்பாவிடம் சொன்னால் குனிந்து தண்டவாளத்தைப் பார்ப்பார்!

முழங்கால் வலிக்குப் போர்டோ நல்ல ஊர். ஆற்றோரம் கிலோமீட்டர் கணக்கில் சமதரை, உட்காரப் பலகை இருக்கும். செயிண்ட் எமிலியோன் என்கிற பழைய ஒயின் ஊருக்கும் போகச் சொல்வார்கள். ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள்தான். பாறையைக் குடைந்து பூமிக்கடியில் ஒரு தேவாலயம் செய்திருக்கிறார்கள், அதிசயம்தான். ஆனால் நிலையத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்கணும், ஊருக்குள் கல் பாவின செங்குத்துச் சந்துகள். நான் என் அம்மாவைக் கூட்டிப் போய்த் திட்டு வாங்கினேன். ஒயின் அருங்காட்சியகம் ஒன்று 55 மீட்டர் உயரத்துக்கு வளைந்து வளைந்து நிற்கும், 2016ல் திறந்தது. மேல்மாடியில் ஒரு கோப்பை ஒயின் டிக்கெட்டிலேயே சேர்த்தி, குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறு கொடுப்பார்கள். எனக்கு அது திரையும் விளக்குமாகத்தான் தெரிந்தது. மழை பெய்தால் போங்க.

அம்மாவுக்குப் பிடிக்கப் போவது தண்ணீர்க் கண்ணாடி. பழைய வணிகச் சதுக்கத்துக்கு எதிரே 3,450 சதுர மீட்டருக்குக் கருங்கல் தளம், அதன் மேல் ரெண்டு சென்டிமீட்டர் தண்ணீர். கட்டடம் முழுக்கத் தலைகீழாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வடிந்து புகைமாதிரி பனி கிளம்பும். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கலாம். என் அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அதிலேயே நின்றார்.

அப்புறம் ஆறு. கரோன் ஆறு பால் அதிகமான டீ நிறத்தில் ஓடும். என் அம்மா பார்த்ததும், "மேல மழையா? புதுத்தண்ணி வந்திருக்குது" என்றார். மழையில்லை. கடல் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஆனால் அலையேற்றம் இங்கே வரைக்கும் வந்து சேற்றைக் கலக்குகிறது. அலையேறுகிற நேரத்தில் கல்பாலத்தில் நின்று பார்த்தால் குச்சி, இலையெல்லாம் கடல்பக்கம் போகாமல் திரும்பி மிதந்து வரும். பதினேழு வளைவு வைத்த பாலம் அது, 1822ல் திறந்தது. வடக்கே கொஞ்ச தூரத்தில் தோர்தோன் ஆறு வந்து சேர்கிறது. நம்ம பவானிக் கூடுதுறை மாதிரியேதான், சங்கமேஸ்வரர்தான் இல்லை.

சாப்பாடு மட்டும் கஷ்டம். சைவம் என்று சொன்னால் போதாது, மீன் வேண்டாம், பன்றித் துண்டு தூவ வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லணும். மதியம் ரெண்டு மணிக்கு மேல் பல கடையில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். கானெலே என்று பழுப்பு நிறத்தில் சின்ன கேக் எல்லாக் கடையிலும் அடுக்கியிருக்கும், அதில் முட்டையும் ரம்மும் சேர்த்தி. அம்மாவுக்குத் தெரியாமல் வாங்கிக் கொடுத்துவிடாதீங்க, பெரியம்மா வரைக்கும் போய்விடும். சமையலறை உள்ள வீடு எடுத்தால் நிம்மதி. ஒரு குக்கர் அரிசிம்பருப்பு வைத்தால் முடிந்தது.


கொடுமணல் ஓடு:

தலைப்பை விட்டு விலகினால் மன்னிக்கவும். அம்மா பெரியம்மாவுக்குப் பயப்பட வேண்டாம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமானியர்களிடமிருந்து நமக்கு ஒயின் வந்துகொண்டிருந்தது. கரூரில் ரோமானிய ஒயின் ஜாடித் துண்டுகள் தோண்டி எடுத்திருக்கிறார்கள், வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக்காசு புதையலாகவே கிடைத்தது. கொங்கு நாட்டுக்கு ஒயின் புதிதில்லை. இப்போதுதான் 'ஒயின் ஷாப்' என்று பேர் வைத்து அதில் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் விற்கிறோம். நம்ம தோட்டத்துக் கள்ளுக்கு 1987லிருந்து தடை, தெளுவோடு (பதநீர்) நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். போர்டோக்காரன் தன் ஊர்ச் சரக்குக்கு மாளிகையே கட்டியிருக்கிறான்.


ரேஸ்கோர்ஸ் ராஜா:

சுவிட்சர்லாந்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.


நரசீபுரத்தான்:

எல்லாருக்கும் நன்றிங்க. நேற்று ராத்திரி பழைய பந்தல் ஐயா எழுதியதை அப்பாவுக்குப் போனில் முழுக்கப் படித்துக் காட்டினேன். அரிவாள் முக்குகிற இடத்தில், "துத்தம் நல்லாயிருந்தா முக்காமலேயே நிறத்தில் தெரியும்" என்றார். மற்றபடி ஒன்றும் பேசவில்லை. பிடுங்கின குவியல் வந்ததும், வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "கல்லுக்காலை என்ன பண்ணினாங்களாம்?" என்று பந்தலைத் தாங்குகிற கல்தூணைப் பற்றிக் கேட்டார். ஆறு வருஷத்தில் பந்தலைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி.

அம்மா சாமான் பட்டியலில் துவரம்பருப்பு ரெண்டு கிலோ ஏறியிருக்கிறது. டிக்கெட் போட்டாச்சு.


பழைய பந்தல்:

அங்கே கல்லுக்கால் கிடையாது என்று சொல்லுங்க. மரக்குச்சிதான், கம்பியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு குச்சியைத் தனியாகக் கட்டி வைத்திருந்தார்கள். கவாத்துச் சுள்ளியை எரித்து அதன் தணலில் மாட்டிறைச்சி சுடுவது அந்த ஊர்ப் பெருமை, அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். என் கல்லுக்கால் நாற்பதும் அப்படியே நிற்கிறது, அதில்தான் பாகல் ஏற்றியிருக்கிறேன். உங்க அப்பா பாக்குக்கு நடுவில் விட்டுவைத்தாரா, விற்றுவிட்டாரா என்று கேட்டுச் சொல்லுங்க.

அப்புறம் ஒரு விஷயம் தம்பி. தோட்டத்தில் நடக்கும்போது அவர் கை கொழுந்துக்குப் போகும், போகாமல் இருக்காது. தடுக்காதீங்க. சுற்றிக் காட்டுகிறவர் நிற்கிற பக்கமாக நீங்கள் நின்று மறைச்சுக்குங்க.